ஒன்றே உலகம்: தம் முகமும் பிறர் முகமும்

சேவியர் தனிநாயகம் அடிகளாரின் 'ஒன்றே உலகம்' என்னும் பயண நூலைத் தமிழ்ப் பெருமை பேசும் நூலாக வாசிப்போர் பலர். அவ்வாசிப்புப் பிழையன்று, ஆயினும் போதுமானதன்று. வேற்று நாட்டில் எழுத்தாளர் தம் முகத்தை மட்டும் தேடினாரா, பிறர் முகத்தையும் கண்டாரா? பயண இலக்கியத்தை மதிப்பிட நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இதுவே.

1913-இல் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்த அடிகளார், உரோமையில் பயின்று 1938-இல் குருவானார். இலத்தீனும் ஐரோப்பிய மொழிகள் பலவும் அவருக்குக் கைவந்திருந்தன. தமிழிலக்கியமோ தொலைவிலேயே நின்றது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் 1940-இல் ஆசிரியப் பணி ஏற்ற பின்னரே, தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்தார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகத் தமிழ் கற்றார். கற்பிக்க வந்தவர் கற்பவரானார். பிறரிடம் கேட்டறியும் இப்பணிவே அவருடைய பிற்காலப் பயணங்களுக்கு வித்து என்போம்.

அப்பயணங்களின் கனிகளுள் ஒன்று, போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி அந்தாம் தெ புரொயென்சா தொகுத்து 1679-இல் அச்சேறிய தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அந்நூலை அடிகளார் 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நற்செய்தியைக் கற்பிக்க வந்தவர் நம் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்ட ஏடு அது. புரொயென்சா நமக்குச் செய்ததை நாம் யாருக்குச் செய்தோம் என்னும் கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இங்கேதான் நம் தயக்கமும் எழுகிறது. சயாம் அரசவைச் சடங்கில் திருவெம்பாவை ஓதப்படுவதை அடிகளார் எடுத்துக்காட்டியபோது தமிழுலகம் மகிழ்ந்தது. ஆனால் அதை ஓதும் சயாமியருக்கு அது என்னவாகப் பொருள்படுகிறது என்று கேட்டோர் சிலரே. சுவடு தேடும் கண்ணுக்குச் சுவட்டைத் தாங்கிய மண் சில வேளை புலப்படாமற் போகிறது. இக்குறை அடிகளாரிடம் ஓரளவே உண்டு. அவரைப் போற்றுவோரிடம் அது பெருகிற்று.

அடிகளாரின் செயல் அவரைப் பெரிதும் காக்கிறது. 1952-இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில இதழும், 1964-இல் புதுதில்லியில் பிறந்த உலகத் தமிழாராய்ச்சி மன்றமும், 1966-இல் கோலாலம்பூரில் கூடிய முதல் மாநாடும் பிற நாட்டு அறிஞர்களைத் தமிழின் விருந்தினராக அன்றி, உடன் ஆய்வோராகவே அமர்த்தின. தமது செல்வத்தை ஆராயும் உரிமையைப் பிறர்க்கும் பகிர்ந்தளிப்பவரே உலகை ஒன்றெனச் சொல்லத் தகுதியுடையவர்.

தென்சென்னைப் புறநகரில் வாழும் நமக்கு இவ்வளவுகோலைச் சோதிக்கக் கப்பல் ஏற வேண்டியதில்லை. பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த சிலுவையைச் சூழ்ந்திருப்பது பாரசீகத்தின் பகலவி எழுத்து. மலைப்படிகளை அமைத்தவர் அர்மேனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான். இன்று தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் வந்திறங்கும் தொழிலாளருள் சார்க்கண்டு, ஒடிசா மாநிலங்களின் பழங்குடிக் கத்தோலிக்கரும் உளர். அவர்களுள் ஒராவோன் மக்களின் குடுக்கு மொழி தமிழோடு ஒரே திராவிடக் குடும்பத்தைச் சார்ந்தது. இதை அறிந்தால் நம் உள்ளம் மகிழும்; நல்லதே. எனினும் அவருக்கு அருகில் நிற்பவர் பேசும் முண்டாரி மொழிக்குத் தமிழோடு அத்தகைய உறவில்லை.

உறவுமொழி பேசுபவரை மட்டும் அணைத்துக்கொண்டால் நாம் மீண்டும் நம் முகத்தையே தேடியவராவோம். முண்டாரி பேசும் அச்சகோதரரிடம் அவர் மொழியில் ஒரு வணக்கச் சொல்லையேனும் கேட்டுக் கற்கும் நாளில்தான், 'ஒன்றே உலகம்' என்னும் தலைப்பு நம் பங்குகளில் பொருள் பெறும்.