ஈயம்: ஒரு சொல்லும் இரண்டு அணுக்களும்

தோட்டப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்கு அண்மையில் சென்றிருந்தேன். அணுவும் தனிமமும் இடைநிலைப் பள்ளிக்குரிய பாடங்களே ஆயினும், ஆறாம் ஆண்டு மாணாக்கர் ஆளுக்கொரு தனிமத்தை ஆராய்ந்து, அதன் அணு எண், கிடைக்குமிடம், பயன் ஆகியவற்றை அட்டைகளில் எழுதி வைத்திருந்தனர். பொன்னும் வெள்ளியும் வழக்கம்போல் பலரைக் கவர்ந்திருந்தன. ஒரு சிறுவன் மட்டும் ஈயத்தை எடுத்திருந்தான். காரணம் கேட்டேன். “எங்க தாத்தா ஈயம் தோண்டுற கப்பல்ல வேலை செஞ்சாரு ஐயா” என்றான்.

அவன் தாத்தா பத்தாங் பெர்ஜுந்தைக்காரர். 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் அவ்வூரின் பழைய ஈயக் குட்டைகளை, கோல சிலாங்கூர் வட்டாரத்தில் அறியாதார் இலர். அட்டையில், பேராக் மாநிலத்துத் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கும், 1938-இல் கட்டப்பட்ட ஈயக் கப்பலின் படம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே எழுதியிருந்தவை: ஈயம், அணு எண் 82, உடலுக்கு நஞ்சு.

முதன்முறை பார்த்தபோது நானும் குறை காணாமல் கடந்து போனேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திரும்பி வருகையில்தான் உறுத்திற்று. அக்கப்பல் அள்ளியது வெள்ளீயம்; அதன் அணு எண் 50. எண்பத்திரண்டு என்பது காரீயத்தின் எண். நஞ்சு என்ற குறிப்பும் காரீயத்திற்கே உரியது. படம் ஒரு தனிமத்திற்கு, விவரமெல்லாம் மற்றொரு தனிமத்திற்கு.

இது சிறுவன் செய்த பிழை அன்று. வீட்டில் கேட்ட சொல்லைக்கொண்டு தமிழில் தேடினான். ஈயம் என்ற தலைப்பில் கிடைத்தது காரீயத்தைப் பற்றிய செய்தி. உண்மையாக எழுதிக்கொண்டான். பிழை நம் எழுத்தில் இருக்கிறது.

அணுப் பாடத்தின் உயிர்நாடி எது? ஓர் அணுவின் கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே அது எந்தத் தனிமம் என்பதை முடிவு செய்கிறது. ஐம்பது இருந்தால் வெள்ளீயம். ஐம்பத்தொன்றானால் அது வெள்ளீயம் அன்று, ஆன்டிமனி. இவ்வளவு கண்டிப்பான ஓர் அடையாளத்தைக் கற்பிக்கப் புகும் நாம், ஐம்பதுக்கும் எண்பத்திரண்டுக்கும் ஒரே பெயரை வழங்கினால், மாணாக்கன் எதைப் பற்றிக்கொள்வான்?

கலைச்சொல் பற்றிய வழக்கு நம்மிடையே பழையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன், 1875-இல் வெளிவந்த தம் வேதியியல் மொழிபெயர்ப்புக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் வைத்தார். 1916-இல் சேலத்தில் இராசாசி முதலானோர் கலைச்சொல்லுக்கெனவே ஒரு கழகம் கண்டனர். பின்னர் அவரே ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். ஒலிபெயர்ப்பா, வடசொல்லா, தனித்தமிழா என்ற போர் அன்று தொட்டு ஓயவில்லை. எனக்கு அதில் அவ்வளவாக ஊக்கம் இல்லை. ஆக்சிஜன் என்றாலும் பிராணவாயு என்றாலும் உயிர்வளி என்றாலும் குறிக்கப்படும் பொருள் ஒன்றே, காது பழகிவிடும். ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பதால் விளையும் கேடு சிறிது. இரு பொருளுக்கு ஒரு பெயர் இருப்பதே பெருங்கேடு. நம் விவாதமெல்லாம் முன்னதிலேயே செலவாகிவிட்டது.

இத்தனைக்கும் சொல் இல்லாத குறையும் இல்லை. கருமை, ஈயம் சேர்ந்து காரீயம். வெண்மை, ஈயம் சேர்ந்து வெள்ளீயம். இலக்கண வகுப்பில் பண்புப் பெயர்ப் புணர்ச்சி என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டுவோம். அடுத்த பாடவேளையில் அறிவியல் நூலைத் திறந்து, வெறும் ஈயம் என்று படித்துவிட்டுப் போவோம். நிறத்தால் பிரிக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மலாயில் தீமா என்பது வெள்ளீயம். காரீயத்திற்குத் தீமா ஹீத்தாம், அதாவது கருந்தீமா. கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானியரான பிளினியும் கரிய பிளம்பம், வெள்ளைப் பிளம்பம் என்றே பிரித்தார். நம் மாணாக்கன் இடைநிலைப் பள்ளி சென்றதும் ஸ்தானும், பிளம்பும் என்னும் இரு சொற்களை மலாய்ப் பாடநூலில் சந்திக்கிறான். தமிழில் இரண்டையும் பிரித்தறிந்தவன் அவற்றை எளிதில் பொருத்திக்கொள்வான். ஈயம் ஒன்றே அறிந்தவனோ இரண்டையும் புதிதாய் மனப்பாடம் செய்கிறான்.

கொல்லனும் பாட்டியும் ஈயம் என்றுதானே சொல்கிறார்கள் எனச் சிலர் கேட்கக்கூடும். அவர்கள் முன்னே பொருள் இருக்கிறது. ஆகவே சொல் தடுமாறுவதில்லை. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசினார்கள் என்றால், பூசியது வெள்ளீயம். புளியின் அமிலம் செம்பைத் தீண்டாதிருக்க அப்பூச்சு வேண்டியிருந்தது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயமே. 232 பாகை வெப்பத்தில் உருகிவிடுமாதலால் வெறுஞ்சொம்பை அடுப்பில் வைக்கமாட்டார்கள். மீனவர் வலையில் கட்டும் ஈயக் குண்டோ காரீயம். வானொலிப் பெட்டியைப் பழுது பார்ப்பவர் வைத்து ஒட்டும் ஈயத்தில் நெடுங்காலம் இரண்டும் கலந்தே இருந்தன. புத்தகத்தை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளைக்கு முன்னே சொம்பும் இல்லை, குண்டும் இல்லை.

தவறு ஏட்டளவில் நிற்பதும் இல்லை. காரீயம் சிறுவர் மூளையைக் கெடுக்கும். இந்த அளவு உட்கொள்ளலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே அதற்கு இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஈயம் நஞ்சு என்று படித்த பிள்ளை பாட்டியின் சொம்பைக் கண்டு அஞ்சலாம். அதனால் பெரிய நட்டம் இல்லை. பாட்டியின் சொம்பை நினைத்து, ஈயம் தீங்கற்றது என்று தேறிய பிள்ளை, பழைய மோட்டார் மின்கலத்தை உடைத்து விளையாடினால்?

அச்சிறுவனை அழைத்து இரண்டாம் அட்டை ஒன்று எழுதச் சொன்னேன். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் தந்த நாடு நம்முடையது என்பதையும், 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிலைகுலைந்து விலை வீழ்ந்ததையும், தாத்தாவின் வேலைக்கு என்ன ஆயிற்று என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னேன். தனிமங்களுள் மிகுதியான நிலைத்த ஐசோடோப்புகள், மொத்தம் பத்து, உடையது வெள்ளீயமே என்று கேட்டதும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து ஒன்று கேட்டான்: “அப்ப எங்க லயத்துக் கூரைத் தகரம் எந்த ஈயம் ஐயா?” எதுவும் இல்லை, அது துத்தநாகம் பூசிய இரும்பு. ஆனால் தகரம் என்பதையே வெள்ளீயத்திற்குப் பெயராக எழுதும் தமிழ் நூல்களும் உள்ளன. பால் டின்னையும் தகரம் என்கிறோம். அதிலே இரும்பின்மேல் இருப்பது வெள்ளீயப் பூச்சு. கூரைத் துண்டையும் டின்னையும் மேசைமேல் வைத்துத்தான் அவனுக்கு விளக்க முடிந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது.