அந்த நாள்: பாட்டில்லாத படத்தின் ஒலி

ஏவி.எம். தயாரிப்பில் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954), பாடல்களே இல்லாத முதல் தமிழ்த் திரைப்படம். பின்னணி இசை மட்டும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. தொடக்கத்திலேயே வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுடப்பட்டு விழுகிறார். சுட்டவரின் முகம் தெரிவதில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்ட அண்டை வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். காதுக்குக் கிடைத்த சாட்சியம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை என்பதே கதையின் முடிச்சு. விசாரணையில் ஒவ்வொருவரும் வேறொருவரைக் கைகாட்டுகின்றனர். நடுவே ஒரு பாட்டு வந்திருந்தால் பார்ப்பவரின் சந்தேகம் அதோடு கலைந்திருக்கும். கௌதம் மேனனின் 'நடுநிசி நாய்கள்' (2011) பின்னணி இசையையும் விலக்கியது. துணிச்சல்தான்; ஆனால் இசையே இல்லாத படத்தில் மௌனம் சீக்கிரம் பழகிவிடுகிறது. 'அந்த நாள்' படத்திலோ இசை அடங்கும் இடங்களில்தான் அடுத்த பேச்சைக் காது தேடுகிறது.