வாழ்க்கைத்தரமும் முப்பது வினாக்களும்

புற்றுநோயாளரின் வாழ்க்கைத்தரத்தை அளக்க ஐரோப்பிய ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட 30 வினாக்களடங்கிய படிவத்தை நாம் ஆராய்ந்தோம். வலி, களைப்பு, உறக்கமின்மை, பணமுடை யாவும் அதில் இடம்பெறுகின்றன. நோயாளியின் வாக்கையே சான்றாகக் கொள்வது போற்றற்குரியது. படுக்கையருகே ஜெபிக்கும் போதகராகிய நாம் பணமுடையைப்பற்றி எத்தனை முறை விசாரித்திருக்கிறோம்?

விசுவாசத்தைப்பற்றி ஒரு வினாவும் இல்லை. அதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. உடல் தளர்ந்தபின்னும் சிலர் தம் வாழ்வுக்கு முன்னிலும் உயர்ந்த எண்ணையே இடுகின்றனர். அளவுகோலே அவருக்குள் மாறிவிட்டதென 1999இல் ஸ்பிராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் விளக்கினர். இதைப் பிழையெனக் கழித்துக் கணக்கிடுவோருக்கு நாம் உடன்படோம். கழிக்கப்படுவது தேவசமாதானமாயிருக்கலாம், வெறும் சலிப்பாகவும் இருக்கலாம். எதுவென அறிய, இரண்டாம் முறை படிவம் நிரப்பும் அன்றே அவரிடம் காரணம் கேட்கவேண்டும். படிவத்தில் அதற்கு இடம் விடப்படவில்லை.