மௌனியின் ‘பிரபஞ்ச கானம்’: இறப்பும் எஞ்சியோர் துயரும்

சிதம்பரத்தில் வாழ்ந்து 1985இல் மறைந்த மௌனி எழுதியவை ஏறத்தாழ 24 சிறுகதைகளே. எனினும் அவை குறித்த வாசகர் கருத்து இன்றளவும் பிளவுபட்டே நிற்கிறது. மரணத்தைக் கடந்த அகவெளியை அவற்றில் காண்போர் ஒருசாரார். மொழிமயக்கத்தை மட்டுமே காண்போர் மறுசாரார். விவாதம் நடையிலேயே தேங்கிவிட, துயருறுவோருக்கு அக்கதைகள் தரும் இடம் யாது என்னும் வினா எழுப்பப்படாமலே போகிறது.

‘பிரபஞ்ச கான’த்தில் இதயநோயுற்ற பெண் பாடி இறக்கிறாள், இயற்கை தான் இழந்த கானத்தை மீளப் பெறுகிறது. இறப்பு இங்கே இழப்பன்று, மீட்சி. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ (1943) இதற்கு நேரெதிர். மனைவியின் சடலத்தருகே இருக்கும் பிரமநாயகம் பிள்ளைக்கு மறுமை ஏதுமில்லை. உடலும், செய்யவேண்டிய காரியங்களும், சுமை இறங்கிய உணர்வு கலந்த துயருமே உண்டு.

அந்தப் புதுமைப்பித்தனே மௌனியைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்றார். புகழுரையாகவே எடுத்தாளப்படும் இத்தொடர், பெரியபுராணத்தோடு வைத்து நோக்கினால் வேறொரு கூர்மை பெறுகிறது. இறந்த ஆயன் மூலனைச் சூழ்ந்து பசுக்கள் வருந்த, யோகியார் அவ்வுடலில் புகுந்து அவற்றின் துயர் தீர்க்கிறார். தேடிவந்த மனைவிக்கோ உறவில்லை என்னும் விடையே கிடைக்கிறது. அன்றிரவு அவள் உறங்கவில்லை என்பதைச் சேக்கிழார் சொல்லாமல் விடவில்லை. மௌனியிடம் அவ்வுறங்காமைக்கு இடமில்லை. இயற்கையின் குறை தீர்கிறது. எஞ்சியவனின் துயர் இசைக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மறுசாரார் மொழிமயக்கம் எனக் குறைகூறுவது பெரும்பாலும் இவ்விடத்தில் நேரும் நழுவலையே.