கசியாத மாஸ்க்

மூச்சிரைப்போடு வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு நெபுலைசர் வைத்தால் பெற்றோருக்கு நிம்மதி. மெஷின் ஓடுகிறது, புகை தெரிகிறது. அதே சால்பியூட்டமால் மருந்தை, இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் வழியே பஃப் பஃப்பாகக் கொடுத்தால், 'இவ்வளவுதானா?' என்று மனம் அடித்துக்கொள்கிறது. அந்தத் தவிப்பு நியாயமானது. அதற்குச் சான்றுகள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2013இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வில் 1,897 குழந்தைகள். நெபுலைசர் வைத்தவர்கள் அவசரப் பிரிவில் சராசரியாக 103 நிமிடம் இருந்தார்கள். ஸ்பேசர் பிள்ளைகள் 33 நிமிடம் முன்னதாகவே வெளியேறினார்கள். நாடித்துடிப்பும் அவர்களுக்குக் குறைவாகவே ஏறியது. ஆனால் அந்த 33 நிமிடத்தை முழுவதும் ஸ்பேசரின் கணக்கில் எழுத எனக்கு ஒப்பவில்லை. ஒரு முறை நெபுலைசர் வைக்கவே பத்து நிமிடம் ஆகிறது. குழந்தை சீக்கிரம் தேறியதும், மருந்து சீக்கிரம் கொடுத்து முடிந்ததும் ஒன்றல்ல. வார்டில் சேர்க்கும் தேவை குறைந்ததா என்பதே முக்கியம். அதன் ஒப்பு விகிதம் 0.71, நம்பக எல்லையோ 0.47 முதல் 1.08 வரை. குறைந்திருக்கலாம் என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

அந்தக் குழந்தைகளில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்த 2004ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் 6 சோதனைகள், 491 குழந்தைகள். அங்கே வார்டில் சேர்வது ஸ்பேசரில் தெளிவாகவே குறைந்தது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனாலும் நம் கேள்விக்கு நேரான விடை இதுவே.

கேப்டவுனில் 1999இல் நடந்த ஆய்வு என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்பேசராக்கி, இன்ஹேலர் நுழையும் இடத்தைக் கசியாமல் அடைத்தபோது, அது கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது. அடைக்காத பாட்டில் அந்த அளவுக்கு வரவில்லை; பாலிஸ்டைரீன் கப் எல்லாவற்றிலும் பின்தங்கியது. அவர்கள் 5 முதல் 13 வயதுப் பிள்ளைகள். கைக்குழந்தைக்கு அந்தக் கசிவு மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிறது. வீறிட்டு அழும்போது நீண்ட வெளிமூச்சும் குறுகிய உள்மூச்சுமாகத்தான் மூச்சு ஓடும். மருந்து தொண்டையில் ஒட்டி வயிற்றுக்குப் போய்விடும். அழுகிறதே என்று நெபுலைசர் மாஸ்க்கை முகத்துக்கு எட்டப் பிடிப்பதால் புகை அறைக்குத்தான் போகிறது.

ஆகவே, லேசான, நடுத்தர இளைப்புக்கு ஸ்பேசரே முதல் தேர்வு: மடியில் வைத்து அமர்த்தி, மாஸ்க்கைப் பொருத்தமாக அழுத்தி, ஒரு பஃப்புக்கு ஐந்தாறு மூச்சு. உயிருக்கே ஆபத்தான இளைப்பு காக்ரேன் கணக்கில் சேர்க்கப்படவில்லை. உதடு நீலம் பாய்ந்த குழந்தைக்கு இந்தத் தீர்ப்பு செல்லாது. அங்கே ஆக்சிஜனில் ஓடும் நெபுலைசர்தான்.