ஓரத்தில் நிற்கும் கம்பி

லாங்மியூர் முனை பார்வைக்கு எளியது: பீங்கான் குழாயிலிருந்து சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் டங்ஸ்டன் கம்பி. மின்னேற்றம் பெற்ற வாயுவுக்கு 'பிளாஸ்மா' என்று 1928-இல் பெயர் சூட்டிய இர்விங் லாங்மியூரின் பெயரைத் தாங்கியது. எனக்கு அதன்மேல் தீராத பிரியம்.

காந்தப்புலத்தில் கட்டுண்ட பிளாஸ்மாவின் ஓரத்தில், அடர்த்தி சரியும் இடத்தில், அலைகள் தாமாகவே எழுந்து கொந்தளிக்கும். நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்தாலும், காந்தக் கோடுகளை அயனிகள் சுற்றும் வேகத்துக்கு முன் அவை மிக நிதானமானவை. அடைத்துவைத்த வெப்பத்தைக் களவாடி வெளியே கொட்டுவதில் பெரும்பங்கு இவற்றுக்கே! இவ்வலைகளை அறிய, பிளாஸ்மாவின் ஓரத்தில் நிறுத்திய கம்பிக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் போதும். அதில் பாயும் அயனி மின்னோட்டம் அடர்த்தியோடு ஏறியிறங்கும். காந்திநகரில் பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் கட்டிவைக்கும் 'ஆதித்யா' டோகமாக் கலனின் விளிம்பில், கொந்தளிப்பு சீராக வராமல் விட்டுவிட்டுப் பீறிடுவதை இத்தகைய முனைகளே காட்டின. ஆழத்துக்குப் போனால் கம்பி உருகிவிடும். ஆகவே ஓரத்திலேயே நின்று கேட்கிறது.