எஞ்சின் சத்தத்தைக் கடைசியில் கேளுங்கள்

பெல்மதுளையைத் தாண்டி ஒரு கராஜ் வாசலில் அந்த ஆட்டோ நின்றது. சிவப்புப் பெயின்ட் இப்போதுதான் காய்ந்த மாதிரி மின்னியது. புது ஹூட், புது சீட் உறை, முன்கண்ணாடியில் பிள்ளையார் ஸ்டிக்கர். அக்கா மகன் வண்டியை இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டு என் கையைப் பிடித்தான்.

"மாமா, ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனாங்க. தையல் மெசின் மாதிரி ஓடுது."

"அத பொறகு பாப்போம்டா. மொதல்ல கால் வைக்கிற எடத்துல இருக்க ரப்பரைத் தூக்கு."

ரப்பர் விரிப்பு பசை போட்டு ஒட்டியிருந்தது. ஆட்டோவில் அதை யாரும் ஒட்டுவதில்லை, தண்ணீர் போனால் கழற்றிக் காயப் போட வேண்டிய பொருள் அது. ஒரு மூலையை நகத்தால் கிளப்பியதும் தகடு தெரிந்தது. அதன் மேல் சிவப்புப் பெயின்ட், பெயின்டுக்கு அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. பெருவிரலால் அழுத்தினேன். தகடு பிஸ்கட் மாதிரி உள்ளே போனது.

செகண்ட் ஹேண்ட் ஆட்டோ பார்க்கப் போகிற நம் பிள்ளைகள் எல்லோரும் முதலில் எஞ்சினுக்குத்தான் காது கொடுக்கிறார்கள். விற்கிறவருக்கும் அது தெரியும். அதனால் எஞ்சினைச் சூடாக்கி, டியூன் பண்ணி, கெட்டி ஒயில் ஊற்றி வைத்திருப்பார். நம் மலைகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை பஜாஜ் ஆர்ஈ. அதற்கு பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட், கேபிள் எல்லாம் இரத்தினபுரி, அவிசாவளை, கேகாலை என்று எந்த டவுனிலும் கிடைக்கும். எஞ்சினை இறக்கி ஏற்றத் தெரிந்த பாஸ் ஒருவர் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார். பாடி அப்படியில்லை. லொறிக்கு இருப்பது போல இந்த வண்டிக்கு அடியில் தனியான இரும்புச் சட்டம் கிடையாது. மடித்து ஒட்டிய தகடுதான் அதன் எலும்பு. தகடு உளுத்துப் போனால் வண்டியே உளுத்துப் போன மாதிரி.

அதுவும் சப்ரகமுவ மழையில். இரத்தினபுரியில் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த ஈரத்தோடு இங்கே ஆட்டோ சுமக்கிற சாமான்களையும் சேர்த்துப் பாருங்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் ரப்பர் பால் கேனும், பாலை உறைய வைக்கிற அசிட்டும் பின்சீட்டுக் காலடியில்தான் போகும். அசிட் ஒரு தடவை சிந்தினால் போதும், தகடு அந்த இடத்திலிருந்து தின்னப்படத் தொடங்கிவிடும். தேயிலைப் பக்கம் உர மூட்டை. நிவித்திகலை, காவத்தைப் பக்கம் மாணிக்கக் குழிக்குத் தண்ணீர் பம்பும், சேறு சொட்டச் சொட்ட இல்லம் என்கிற மாணிக்கப் பருமணல் மூட்டையும். குழிக்கு ஓடிய வண்டியா என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். பின்சீட்டைத் தூக்கி, மூலைகளில் விரலை விட்டுத் துழாவுங்கள், பருமணல் அகப்படும்.

பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். பெயின்ட் கீறாமல் தகட்டின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டே போனால், தகடு இருக்கிற இடத்தில் பிடிக்கும், பட்டி பூசி மெழுகிய இடத்தில் வழுக்கி விழும். அந்தச் சிவப்பு வண்டியில் இடது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. பிறகு டோர்ச் அடித்து, பின்சில்லைத் தாங்கும் ஆர்ம் பாடியோடு பூட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தேன். மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங். ஓரத்தில் தலைமயிர் அளவு வெடிப்பு. நாலு பேரை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கல்பாதையில் இறங்கும்போது முழுப் பாரமும் வந்து உட்காருவது இந்த இடத்தில்தான். இது விட்டால் சில்லு கையோடு வந்துவிடும்.

இப்படிப்பட்ட வண்டிகள் சந்தையில் நிறைய இருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருசமும், பழைய இரும்புக்குப் போக வேண்டிய ஆட்டோக்களைத் திரும்பத் திரும்ப டிங்கர் பண்ணி ஓட்டினார்கள். விலையும் ஏறிப் போனது. கடன் வாங்கி அவற்றை எடுத்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில்தான் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் அப்போது மாதம் 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாதான் சேர்ந்தது. அதில் ஒரு பங்கை வருசக்கணக்கில் கட்டி எடுக்கிற வண்டி இது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இராத்திரியில் காவத்தை ஆஸ்பத்திரிக்கோ கரவனல்லை ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறதும் இந்த வண்டிதான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை அடையாளம் காண்பது தனிக் கலை. களு கங்கை பெருகினால் இரத்தினபுரி டவுன் நீரில் நிற்கும். 2003 மே, 2017 மே இரண்டையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். தண்ணீருக்குள் கிடந்த வண்டியைக் கழுவி, பெயின்ட் அடித்துவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது. ஆனால் சேறு ஒளிந்துகொள்கிற இடங்கள் இருக்கின்றன. ஹெட்லைட் கிண்ணத்தின் அடிப்பாகம், மீட்டர் கண்ணாடியின் உள்விளிம்பு, சீட் உறைக்குள் இருக்கும் ஸ்பொஞ்ச். வயர்கள் சேரும் கனெக்டரை ஒன்று இரண்டு இழுத்துப் பாருங்கள், உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தால் வண்டி நீரில் நின்றிருக்கிறது. எஞ்சின் ஒயிலைக் குச்சியில் தொட்டுப் பாருங்கள். காற்றில் குளிர்கிற பழைய ஆர்ஈ எஞ்சினுக்குள் தண்ணீருக்கு வேலையே இல்லை. ஒயில் பால்கோப்பி நிறத்தில் இருந்தால் அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து போனது. மூடியில் மட்டும் லேசாக வெண்மை படிந்திருந்தால் பயப்படத் தேவையில்லை, குளிரில் கிட்டத்துக்கு மட்டும் ஓடுகிற வண்டிகளுக்கு அது வரும்.

மீட்டரில் காட்டும் ஓட்டத்தை நம்பவே வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எண் அசையாது. பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிற வண்டி முப்பதாயிரம் கிலோமீற்றர்தான் ஓடியது என்று யாராவது சொன்னால் சிரிக்காமல் விலகி வந்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சமதரை பயன்படாது. மூன்று பெரிய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்துக்குப் போங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுங்கள். எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. எடுக்கும்போது பின்னால் "டக்" என்று அடித்தால் ஷாஃப்ட் பக்கம் ஆட்டம் இருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு வந்து, அடியில் மறுபடி திருகும்போது ஒருவரைப் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை குப்பென்று வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது. அதற்கு விலையில் குறைத்துக் கேட்கலாம், வேண்டாம் என்று ஓட வேண்டியதில்லை. பிரேக் பெடலை அழுத்தி மிதித்தபடியே முப்பது எண்ணுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் அந்த வண்டியில் ஒரு மைல்கூடப் போகக்கூடாது. முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டிலைத் தாங்கும் கோன் செட்டின் நிலைமை கைக்குத் தெரியும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி மலிவாக வந்தாலும் எடுக்காதீர்கள் என்பது என் முடிவு. அவற்றின் இறக்குமதி 2008இல் நின்றுவிட்டது. ஆக, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அது அதற்கு முன் வந்த வண்டி.

இனி வண்டியின் பதிவுப் புத்தகம். இரும்பில் உள்ள குறையைக் காசு கொடுத்துத் திருத்தலாம், புத்தகத்தில் உள்ள குறையைத் திருத்த அலைகிற அலைச்சல் வருசக்கணக்கில் போகும். எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. ஒரு தரகர் மூலம் ஓபன் பேப்பரில் வண்டி எடுத்தோம். சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுத் திகதி எழுதாத படிவம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, புத்தகத்தின் பிரதி, அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை லயத்து வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். முந்திய சொந்தக்காரர் கட்டாமல் விட்ட லீசிங் தவணைக்கு வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள். தோட்டமே நின்று பார்த்தது. புத்தகத்தில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் கம்பனியின் பெயர் அச்சடித்து இருந்தது. நாங்கள் பார்த்தது பிரதியை, அதில் அந்த இடம் தெரியாதபடி மடித்து எடுத்திருந்தார்கள்.

ஆகவே அசல் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள். சேசிஸ் எண்ணை ஒருவர் டோர்ச் அடித்து வாசிக்க, இன்னொருவர் புத்தகத்தில் ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்க்க வேண்டும். எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. எண்ணைச் சுற்றி அரைத்த அடையாளமோ புது வெல்டிங்கோ இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் கியூஆர் முறையில் எரிபொருள் கொடுக்கத் தொடங்கியபோது பதிவுக்குச் சேசிஸ் எண் கேட்டார்கள். அப்போது ஆட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. எண் பொருந்தாத வண்டிக்கு அதுவும் கிடைக்கவில்லை. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, காப்புறுதி மூன்றிலும் அதே வண்டி எண்தானா, திகதி ஓடுகிறதா என்று பாருங்கள். லீசிங் முடிந்திருந்தால் கம்பனி விடுவித்த கடிதம் அசலாக வேண்டும். விற்கிறவரும் புத்தகத்தில் பெயர் உள்ளவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். உரிமை மாற்றும் படிவத்தை இருவரும் ஒரே நாளில் நிரப்பி, 14 நாளுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள்.

பெல்மதுளைச் சிவப்பு வண்டியை விட்டுவிட்டு வந்தோம். மருமகன் பஸ்ஸில் என்னோடு பேசவே இல்லை. மூன்று கிழமை கழித்து இறக்குவானைப் பக்கம் ஒரு வண்டி பார்த்தோம். வெளிறிய பச்சை, ஹூட்டில் இரண்டு ஒட்டு, ஏற்றத்தில் நீலப் புகை. ஆனால் ரப்பர் விரிப்பு ஒட்டாமல் கிடந்தது, அடியில் கம்பனிப் பெயின்ட் அப்படியே இருந்தது, காந்தம் எங்கேயும் வழுக்கவில்லை. புத்தகத்தில் முதல் பெயரே விற்கிறவரின் பெயர். ஓய்வு பெற்ற ஆசிரியர், பள்ளிக்கூடம் போய்வர வைத்திருந்தவர். எஞ்சினுக்கு ரிங் போட வேண்டும் என்று அவரே சொல்லி, அதற்குரிய காசையும் விலையில் விட்டுக் கொடுத்தார். எடுத்தோம். பாஸ் இரண்டு நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். வண்டி இப்போது மருமகன் பெயரில், தோட்டத்துக்கும் டவுனுக்கும் தினமும் ஆறு நடை ஓடுகிறது.

வண்டி எடுக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். சிங்களத்தில் அச்சடித்த வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முற்பணம் கையை விட்டுப் போவதற்கு முன், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய் அந்தத் தாளை வரிவரியாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.